தேர் ஓடுகிறது, கடை நடக்கிறது

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் உண்டாமே! நம்முடைய 'ஓடு' அதற்கு ஈடுகொடுக்குமா?
– வாசகர் ஒருவர், வீரவநல்லூர்

பதில்: கணக்கு சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்து எடுத்த கணக்கு அது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் 430 பொருளோடு முதலில் நின்றது. எந்திரமும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு 'ரன்'னுக்கு வேலை கூடிவிட்டது. கூடியது நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணியதுதான்.

'ஓடு' என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு உடனே ஆனி மாதத்து நெல்லையப்பர் தேர் கண்ணில் வந்து நிற்கிறது. அந்தத் தேர் நான்கு ரத வீதியையும் சுற்றி வர எத்தனை ஆயிரம் கைகள் வடம் பிடிக்கின்றன! வீதி முக்கில் நின்றுவிடும். தடி போட்டு நெம்பினால் கொஞ்சம் அசையும், மறுபடி நிற்கும். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தேரோட்டம். வெயிலுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட ஆச்சி, 'தேர் ஓடுதால?' என்றுதான் பேரனிடம் கேட்பாள். வேகத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. கிளம்பியது முடங்காமல் நிலைக்கு வந்து சேர வேண்டும். 'என்னவே, பொழப்பு எப்படி ஓடுது?' என்று டவுனில் ஒருவரையொருவர் விசாரிக்கும்போதும் அதே பொருள்தான்.

இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. எட்டாம் வகுப்பில், கடை வைத்திருக்கும் ஒரு விதவையைப் பற்றிய ஆங்கில வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அதில் 'ரன்' வந்தது. 'கடையை ஓட்டுகிறாள்' என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்து 'நடத்துகிறாள்' என்று திருத்தி, மதிப்பெண்ணையும் பிடித்துக்கொண்டார். அவர் எழுதியதும் தமிழ், நான் எழுதியதும் தமிழ். நாலு பேரை வேலைக்கு வைத்திருப்பவர் கடை நடத்துகிறார். கடன் வாங்கிச் சரக்குப் போட்டு, அன்றன்றைக்குச் சமாளிப்பவர் கடையை ஓட்டுகிறார். அந்த அம்மாள் ஓட்டத்தான் செய்தாள். இந்த வித்தியாசம் ஆங்கிலத்தின் அந்த ஒரே சொல்லில் கிடையாது.

அப்புறம், ஒரே சொல்லில் எல்லாவற்றையும் ஏற்றுவது மட்டுமா வளம்? ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், துணியின் சாயம் ஓடும், இருப்பில் உள்ள அரிசிகூட ஓடித் தீரும். நமக்கு மூக்கு ஒழுகும், சாயம் போகும், அரிசி தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் ஓடும் காய்ச்சல்கூட நமக்கு அடிக்கத்தான் செய்யும். தேர்தல் வந்தால் அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், இங்கிலாந்தில் நிற்கிறார், நாமும் நிற்கிறோம். செல்போன் மொழிபெயர்ப்பை நம்பி, 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று கட்டுரை எழுதி அனுப்புகிறவர்களுக்கு இதைத்தான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்: உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்.

சரி, நம் பக்கம் எண்ணியவர்கள் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து 1936-இல் முடித்துக் கொடுத்த வையாபுரிப் பிள்ளை நம் திருநெல்வேலி ஜில்லாக்காரர். அந்த அகராதியைக் கடுமையாக எதிர்த்த தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் பிறந்தது சங்கரன்கோவில். சொல்லுக்காக எதிரெதிரே நின்ற இரண்டு பேரையும் ஒரே சீமை பெற்றிருக்கிறது. ஒரு சொல்லின் வேர் தமிழா வடமொழியா என்ற விஷயத்தில் நான் யார் பக்கம் என்று இன்னும் எனக்குக் கடிதம் வருகிறது. சொற்களைத் திரட்டி வைத்த உழைப்பில் நான் பிள்ளை பக்கம், இதை மறைத்ததில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. வடமொழியா தமிழா என்று வேருக்குச் சண்டை போட்ட அளவுக்கு, 'ஓடு', 'பிடி', 'போடு' மாதிரி அன்றாடம் புழங்கும் வினைகளுக்கு நாம் நேரம் கொடுத்தோமா? க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் அந்த வேலையை வாக்கிய உதாரணங்களோடு தொடங்கி வைத்தது. ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை உட்கார வைக்க நம் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும். இதை நான் விடப்போவதில்லை.

நீங்கள் இருப்பது கன்னடியன் கால்வாய்ப் பக்கம். வயலில் வேலை செய்த பெரியவர்களிடம் போய்த் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். கால்வாயில் ஓடும், மடை திறந்தால் பாயும், வயலில் நிற்கும், அப்புறம் வடியும், வரப்பில் கசியும். இன்னும் என்னென்ன சொல்கிறார்கள் என்று ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.