கல்லாவில் கூடுதலாகக் கொடுத்த ஐம்பது வெள்ளி

கேள்வி: சென்ற ஞாயிற்றுக்கிழமை மகனுடன் தேக்காவுக்குப் போய், ஒரு மளிகைக் கடையில் சாமான் வாங்கினேன். 36 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 40 காசு ஆனது. ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றைக் கொடுத்தேன். கூட்டம் நெருக்கியதால் மீதியை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 13 வெள்ளி 60 காசு இருக்க வேண்டிய இடத்தில் 63 வெள்ளி 60 காசு இருக்கிறது. ரசீதில் ‘ரொக்கம் 100.00’ என்று அச்சாகியிருக்கிறது. “தீபாவளி நேரத்தில் அவர்கள் ஏற்றிய விலைக்கு இது எந்த மூலைக்கு? வைத்துக்கொள்” என்கிறார் கணவர். “அடுத்த முறை போகும்போது வீரமாகாளியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிடு” என்கிறார் மாமியார். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகனோ, “அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டீர்களா, அம்மா?” என்று தினமும் கேட்கிறான். இதற்காக ஈசூனிலிருந்து ஒரு பயணம் போகத்தான் வேண்டுமா? போகாவிட்டால் சட்டப்படி குற்றமா?
– ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த நாளிலேயே அந்தக் கடைக்கும் தொலைபேசியில் பேசியிருப்பீர்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன். பேசவில்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் பேசுங்கள். ரசீதின் தலைப்பிலேயே பெரும்பாலும் கடையின் எண் இருக்கும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடையில் நானும் கல்லாவில் நின்றவள். இரவு கதவைப் பாதி இறக்கிய பிறகு, பெட்டியில் இருப்பதையெல்லாம் மேசைமேல் கொட்டி, ஊதா இரண்டு வெள்ளிகள், பச்சை ஐந்துகள், சிவப்புப் பத்துகள், நீல ஐம்பதுகள் என்று நிறவாரியாகப் பிரித்து, நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, இயந்திரம் துப்பும் நீளக் காகிதத்தோடு ஒத்துப்பார்ப்போம். ஒருநாள் நாற்பது வெள்ளி குறைந்தது. மூன்று முறை எண்ணினேன். பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். குப்பைக்கூடையில் கிடந்த ரசீதுகளைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் சம்பள உறையில் நாற்பது வெள்ளி குறைவாக இருந்தது.

அதற்குச் சில நாள்கள் கழித்து, நான் விடுப்பில் இருந்தபோது, ஒரு பெரியவர் வந்து, “சென்ற மாதம் எனக்குக் கூடுதலாகத் தந்துவிட்டீர்கள்” என்று சொல்லி நாற்பது வெள்ளியை முதலாளியிடம் நீட்டியிருக்கிறார். முதலாளி நன்றி சொல்லி வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் உடன் வேலை செய்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்பதற்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பெரியவருடைய நேர்மையில் ஒரு குறையும் இல்லை. அவர் திருப்பிக் கொடுத்த காசு மட்டும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. அன்றே வந்திருந்தாலோ, எந்த நாள், எந்த நேரம், கல்லாவில் யார் இருந்தார் என்று சொல்லியிருந்தாலோ சேர்ந்திருக்கும்.

‘கடைக்குத்தானே நஷ்டம்’ என்று நாம் நினைக்கிற பல வேளைகளில் அந்த நஷ்டம் கடையைத் தொடுவதே இல்லை. கல்லாவில் நிற்பவரிடமே நின்றுவிடுகிறது. இங்குள்ள வேலை நியமனச் சட்டம் இதற்கு ஓர் எல்லை வைத்திருப்பது உண்மைதான். ஊழியரின் பொறுப்பில் இருந்த பணம் அவருடைய கவனக்குறைவாலேயே குறைந்தது என்றால் மட்டுமே, அதுவும் அவர் தம் பக்கத்தை எடுத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே, முதலாளி அதைச் சம்பளத்தில் பிடிக்கலாம். பிடிக்கும் தொகையும் ஒரு மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் ஐம்பது வெள்ளி அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிற தொகை என்பதையும், ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு பெண் அதற்காக விசாரணையில் வாதாடிக்கொண்டிருக்க மாட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் கணவரின் வாதத்துக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. விலை அதிகம் என்று தோன்றினால் அந்தக் கடையில் வாங்காமல் இருக்கலாம், முதலாளியிடம் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். இரண்டையும் செய்ய நமக்கு உரிமை உண்டு. விலையை வைத்தவர் ஒருவர், விரல் தவறி ஐம்பதுக்கு நூறு என்று அழுத்தியவர் இன்னொருவர். முன்னவர்மேல் இருக்கும் கோபத்தைப் பின்னவரின் சம்பளத்தில் தீர்த்துக்கொள்வது எப்படி நியாயமாகும்?

மாமியார் சொல்வது நல்ல மனத்தோடு சொல்லப்படும் யோசனை என்பதால்தான் அது எனக்குக் கூடுதலாகக் கவலை தருகிறது. உண்டியலில் போட்டதும் நம் மனம் இலேசாகிவிடும். அங்கே ஒருவருடைய கணக்கு மட்டும் குறைந்தபடியே இருக்கும். காணிக்கை என்பது நம்முடையதைக் கொடுப்பது. உரியவர் யார், எங்கே இருக்கிறார், எந்த நேரத்தில் கிடைப்பார் என்று எல்லாமே தெரிந்திருக்கும்போது, அவருடைய காசை எடுத்து அம்மனுக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

இனி சட்டம். சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வதைப் பற்றியது. ஒருவர் ஒரு பொருளைத் தன்னுடையது என்று நல்லெண்ணத்துடன் நம்பி எடுத்துச் சென்றால் அது திருட்டாகாது. ஆனால் தவறு தெரிந்த பிறகும் அதை நேர்மையின்றித் தன் பயனுக்கு வைத்துக்கொண்டால் குற்றம் என்று அந்தப் பிரிவிலேயே எடுத்துக்காட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஐம்பது வெள்ளிக்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. பணத்தை எண்ணாமல் வாங்கிவந்தது பிழையே அல்ல. பை திறந்து, ரசீதைப் பார்த்து, விஷயம் புரிந்த அந்த நிமிடத்திலிருந்துதான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது. சட்டமும் அந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது.

பயணம் கட்டாயமா என்றால், இல்லை. காசு போக வேண்டும். நீங்கள் போயே ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் தொலைபேசியில் பேசி, ரசீது எண்ணையும் நேரத்தையும் சொல்லுங்கள். அன்றிரவு கணக்கில் ஐம்பது வெள்ளி குறைந்திருப்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். கைப்பேசியிலிருந்தே பணம் அனுப்ப உதவும் பேநவ் எண் கடைக்கு இருந்தால் அதற்கே அனுப்பி, குறிப்பில் ரசீது எண்ணை எழுதலாம். அந்தப் பெண்ணின் சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்துவிட்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி பதில் சொல்வார், ஊழியர் கேட்க முடியாது. ஆனாலும் முடிந்தால் மகனை அழைத்துக்கொண்டு நேரிலேயே போங்கள் என்பதுதான் என் விருப்பம். அவன் ஒரு வாரமாகக் காத்திருக்கிறான். ‘அந்தக் கடை’ என்று அவன் சொல்லவில்லை, ‘அந்த அக்கா’ என்கிறான். பணம் யாருடையது என்பது உங்கள் வீட்டில் அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். உணவங்காடியில் தே தாரிக் கடை அங்கிள் சில்லறை கொடுக்கும்போது சில நேரம் பத்து காசு, இருபது காசு கூடிவிடும். ஒருமுறை இரண்டு வெள்ளித் தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாக வந்தன. அவரே பல நாள் “பரவாயில்லை தம்பி” என்று பத்து காசை விட்டுவிடுபவர். இதற்கெல்லாமா திரும்பி நடப்பது?
– ஹவ்காங் வாசகர்

பதில்: அவர் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டால் அது அவர் உங்களுக்குத் தருவது, மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லை அவருக்குப் பதிலாக நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ஒரு காசு நாணயம் வெளியிடுவது 2002இல் நின்றுபோன பிறகு, ஐந்து காசுக்கு நெருக்கமாகக் கூட்டியும் குறைத்தும் வாங்குவது வழக்கமாகிவிட்டது; அது இரு தரப்பும் அறிந்து ஒப்புக்கொண்டது, அதில் கடனும் இல்லை, குறையும் இல்லை. இரண்டு வெள்ளித் தாள் அப்படியல்ல. புதிய பிளாஸ்டிக் தாள்கள் ஈரக் கையில் ஒட்டிக்கொள்ளும். தே தாரிக் ஆற்றுகிறவரின் கை எந்நேரமும் ஈரம்தான். ஒரு கோப்பையில் அவருக்கு எத்தனை காசு மிஞ்சும், இரண்டு வெள்ளியை ஈடுகட்ட இன்னும் எத்தனை கோப்பை ஆற்ற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தினமும் போகிற கடைதானே, மறுநாள் காலையில் கொடுத்தாலும் போதும். தாளை வாங்கும்போது கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வங்கிக் கணக்குக்கு முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து பேநவ் வழியாக 300 வெள்ளி வந்தது. அரைமணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவர், “எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன், என் மனைவியின் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று வேறொரு எண்ணைத் தந்திருக்கிறார். உடனே அனுப்புவதுதானே நேர்மை?
– ஜூரோங் வாசகர்

பதில்: மேலே ஈசூன் வாசகியை அவசரப்படுத்தினேன், உங்களை நிதானமாக இருக்கச் சொல்கிறேன். அவருக்கு உரியவர் யார் என்று தெரியும். உங்களுக்குத் தெரியாது. அனுப்பியவரும் கேட்பவரும் ஒருவர்தானா என்பதை வாட்ஸ்அப் செய்தியை வைத்து முடிவுசெய்ய முடியாது. மோசடியில் பறித்த பணத்தை இப்படி ஒருவர் கணக்கில் போட்டு, ‘தவறுதலாக வந்தது’ என்று சொல்லி வேறு கணக்குக்கு நகர்த்துவதும், கேட்காத கடனைப் போட்டுவிட்டு வட்டியோடு மிரட்டுவதும் இங்கே நடப்பவை. நீங்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பும் 300 வெள்ளி, உண்மையில் இழந்தவருக்குப் போகாமல் பறித்தவருக்கே போய்ச் சேரக்கூடும்.

ஆகவே செலவழிக்காதீர்கள், வேறு எண்ணுக்கு அனுப்பவும் செய்யாதீர்கள். உங்கள் வங்கியின் அதிகாரபூர்வ எண்ணை நீங்களே தேடி அழைத்து, தொகை, தேதி, நேரம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தவறாகச் சென்ற பணத்தை மீட்கும் வழிமுறைகளைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளுக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. அனுப்பியவரின் வங்கியும் உங்கள் வங்கியும் பேசிக்கொண்டு, உங்கள் சம்மதத்தைக் கேட்டு, பணம் வந்த கணக்குக்கே அதைத் திருப்பிவிடும். தவறென்று தெரிந்த பிறகு வைத்துக்கொள்வதும் பயன்படுத்துவதும் குற்றம் என்பது இதற்கும் பொருந்தும். உண்மையாகவே எண் மாறி அனுப்பியவராக இருந்தால், வங்கி வழியாக வாருங்கள் என்று நீங்கள் சொல்வதை அவர் மறுக்கக் காரணமில்லை. மிரட்டினால் காவல்துறையிடம் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவி எண் 1799 இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கணக்கிலிருந்துதான் உங்கள் வீட்டுக் கட்டணங்கள் ஜைரோ வழியாக, அதாவது வங்கியிலிருந்து தானாகவே, போகின்றன என்றால், அடுத்த தவணை எடுக்கப்படும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த இருப்பு குறைவாக இருந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே அந்த 300 வெள்ளியில் கை வைத்ததாகிவிடும். வங்கி சம்மதம் கேட்கும் நாளில் முழுத்தொகையும் அங்கே இருக்க வேண்டும்.