கம்பத்தில் கேபிள் இருக்கிறதா? ஆர்கன்சா வீட்டு இன்டர்நெட் – கேள்வி பதில்

வடமேற்கு ஆர்கன்சாவில் வீடு தேடும் நம் ஆட்களிடமிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்லும் நான் நெட்வொர்க் வேலையில் சோறு தின்பவன், பெண்டன்வில்லுக்கு வெளியே குடியிருப்பவன்.

கேள்வி: அண்ணா, வால்மார்ட் வேலைக்காக டாலஸிலிருந்து வருகிறோம். கிராவெட் பக்கம் ஒரு ஏக்கரில் வீடு பிடித்துவிட்டது. கேபிள் கம்பெனி தளத்தில் முகவரி போட்டால் 'கிடைக்கும்' என்கிறது. நம்பலாமா?

நான் நம்பினேன், பட்டேன். க்ளோசிங் (வீட்டுப் பத்திரம் கைமாறுவது) முடிந்து, சாமான் இறக்கி, மோடத்தோடு காத்திருந்தால், வந்த டெக்னீஷியன் வாசலில் நின்று தலையைச் சொறிகிறார். அவர்கள் கேபிள் கால் மைல் முன்னாடியே நின்றுவிட்டதாம். அங்கிருந்து இழுத்துவர ஒரு பழைய கார் விலை கேட்டார்கள். தளம் தெருவின் பெயரையும் ஜிப் கோடையும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் இன்னொரு தடவை வீடு பார்க்கப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். கம்பத்தின் உச்சியில் ஓடுவது கரண்ட். அதற்குக் கீழே, ஏறத்தாழ 18-20 அடி உயரத்தில் போன், கேபிள் கம்பிகள். கேபிள் டிவி கம்பி விரல் தடிமன் இருக்கும், நடுநடுவே உள்ளங்கை அகலத்தில் வெள்ளி நிற டப்பா தெரியும். அதற்கு டேப் என்று பெயர். அதிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று பக்கத்து வீட்டுக்கு இறங்கினால் பாதி கவலை விட்டது. கம்பமே இல்லாத தெருவென்றால் மனை ஓரத்தில் முழங்கால் உயரப் பச்சைப் பெட்டியைத் தேடுங்கள். வீட்டுச் சுவரில் கேபிள் முனை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள், பழைய டிஷ் ஆன்டெனாவுக்கும் அதே ஒயர்தான்.

பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு ஒரே கேள்வி: "சாதாரண இன்ஸ்டாலேஷனா, கன்ஸ்ட்ரக்ஷன் தேவைப்படுமா?" பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். விற்பவரிடம் போன மாத இன்டர்நெட் பில்லை ரியல்டர் (வீட்டுத் தரகர்) மூலம் கேட்டால் இன்னும் நல்லது. பில் பொய் சொல்லாது.

கேள்வி: எஃப்.சி.சி. (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) இன்டர்நெட் வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு 1000 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகம்) காட்டுகிறது சார். அரசாங்க வரைபடம்தானே?

வரைபடம் அரசாங்கத்தினுடையது, தகவல் கம்பெனிகள் கொடுத்தது. 2022 நவம்பருக்கு முன் நிலைமை இன்னும் மோசம். ஒரு சென்சஸ் பிளாக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சின்னப் பகுதி) ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தால் மொத்தப் பிளாக்குக்கும் இருப்பதாகக் கணக்கு. கிராமப்புறத்தில் ஒரு பிளாக் எவ்வளவு பெரிதென்று இங்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இப்போது வீடு வீடாகப் புள்ளி வைக்கிறார்கள். ஆனால் அந்த 1000 விளம்பர வேகம்தான், யாரும் உங்கள் வீட்டில் அளந்து பார்த்ததில்லை.

உங்களுக்குச் சாதகமான விதி ஒன்று உண்டு. 10 வேலை நாளுக்குள், லைன் நீட்டக் கூடுதல் காசு கேட்காமல் இணைப்புத் தர முடிந்தால்தான் ஒரு கம்பெனி அந்த வீட்டைத் தன் கணக்கில் காட்டலாம். மறுத்தார்களானால் அந்த ஈமெயிலை இணைத்து, வரைபடத்திலேயே சேலஞ்ச் (ஆட்சேபம்) போடுங்கள். கம்பெனி 60 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லது மறுத்து ஆதாரம் காட்ட வேண்டும்.

கேள்வி: 300 எம்.பி.பி.எஸ். ப்ளான். லேப்டாப்பில் 40 தாண்டவில்லை. கம்பெனியோடு சண்டை போடவா?

முதலில் ஈதர்நெட் ஒயரை மோடத்தில் நேரே சொருகி வேகத்தை அளந்து பாருங்கள். 300 வந்தால் குற்றவாளி உங்கள் வைஃபை. வராவிட்டால் பிரவுசரில் 192.168.100.1 அடியுங்கள். பெரும்பாலான கேபிள் மோடம்களில் சிக்னல் பக்கம் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர் (வீட்டுக்கு வரும் சிக்னலின் பலம், dBmV கணக்கில்) -7-க்கும் +7-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. அப்ஸ்ட்ரீம் (மோடம் வெளியே அனுப்பும் சிக்னல்) 50-ஐத் தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அநேகமாக எங்கோ ஒரு கனெக்டர் லூஸ், அல்லது ஒயரை இரண்டாகப் பிரிக்கும் தேவையில்லாத ஸ்ப்ளிட்டர். என் வீட்டில் மாடி அறைக்குப் பிரித்த பழைய ஸ்ப்ளிட்டரைக் கழற்றியதும் சரியானது.

ராத்திரி 8 மணிக்கு மட்டும் இறங்குகிறதென்றால் அது வேறு கதை. கேபிளில் தெருவே ஒரு குழாயில் தண்ணீர் பிடிக்கிறது. ஒரு வாரம் காலையும் இரவும் அளந்து, அந்தக் கணக்கோடு பேசுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் கேபிளே இல்லை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இன்டர்நெட்தான் கதியா?

பொறுங்கள், முதலில் கரண்ட் பில்லில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். 1930களில் பெரிய மின் கம்பெனிகள் லாபமில்லை என்று எட்டிப்பார்க்காத அமெரிக்கக் கிராமங்களுக்கு, விவசாயிகளே கூட்டுறவு வைத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அதே கூட்டுறவுகளில் பல இன்று அதே கம்பத்தில் ஃபைபர் (கண்ணாடி இழை இன்டர்நெட் கேபிள்) இழுக்கின்றன. நம் பக்கம் ஓசார்க்ஸ் எலெக்ட்ரிக் கூட்டுறவின் துணை நிறுவனம் ஓசார்க்ஸ்கோ அப்படி வந்ததுதான். அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம், கேபிளில் அது அரிது.

அதுவும் இல்லையென்றால் ஸ்டார்லிங்க். செயற்கைக்கோள் சில நூறு கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது, ஆபீஸ் கால் ஓடும். 35,786 கி.மீ. உயரத்துப் பழைய வகை செயற்கைக்கோள் இணைப்பில் "ஹலோ" சொன்னால் பதில் வர அரை நொடிக்கு மேல். மரம் மறைக்காத வானம் வேண்டும். ஓக் மரங்களுக்கு நடுவே வீடு என்றால் யோசியுங்கள்.

கேள்வி: இன்டர்நெட் பில்லுக்கு மாதம் 30 டாலர் அரசாங்கச் சலுகை இன்னும் உண்டா?

இல்லை. 2024 ஜூன் 1-இல் நின்றுபோனது.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். அம்மாவுக்கு சீரியல், எனக்கு மீட்டிங், பையனுக்கு கேம். 1 கிக் (1000 எம்.பி.பி.எஸ்.) எடுக்கச் சொல்கிறார் விற்பனைக்காரர்.

எச்.டி. சீரியலுக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே படத்துக்கு 25, மீட்டிங்குக்கு 4. பையன் விளையாடும்போது அதைவிடக் குறைவு, புது கேம் இறக்கும் அன்றைக்கு மட்டும் கூச்சல். 100 போதும். விற்பனைக்காரரிடம் டவுன்லோடை விட்டுவிட்டு அப்லோடு எவ்வளவென்று கேளுங்கள். பழைய கேபிள் லைன்களில் அது 10-ஓடு நின்றுவிடும். நீங்கள் மீட்டிங்கில் உறைந்துபோனால் அம்மாவின் சீரியலைத் திட்டாதீர்கள், பையனின் போன் போட்டோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும்.