பருவத்துக்கு ஓர் உடம்பு: வேற்றுக்கிரகக் கதாபாத்திரத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: விண்கலமும் மந்திரமும் கலந்த ஒரு பாத்திரமேற்று ஆட்டத்தை (ரோல்-பிளேயிங் கேம்) நான்கு பேருக்கு நடத்துகிறேன். அவர்களில் ஒருவர் கோடையில் ஓர் உருவமும் குளிரில் வேறோர் உருவமும் எடுக்கும் வேற்றுக்கிரக இனத்தைக் கேட்டார். குளிர் உருவம் நீண்ட உறக்கத்தில் கிடக்கும் என்று நானே விதி எழுதினேன். பனிக்கோளில் இறங்கிய அமர்வில் அவர் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு கதை முழுவதும் விண்கலத்துக்குள்ளேயே நடக்கிறது. பருவம் வரவே வழியில்லை. இந்த இனத்தைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்த உறக்க விதியைக் கிழித்துப் போடுங்கள். ஆட வந்தவரைத் தூங்க வைக்கும் விதி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஆட்டத்துக்கு ஆகாது. அவருக்கு உறக்கம் பிடித்திருந்தால் இரண்டு அமர்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் தூங்கட்டும். ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பம் குளிர்கால உறக்கத்தில் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. அதுகூடச் சில வாரங்களுக்கு ஒருமுறை உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் விழித்திருந்துவிட்டுத்தான் மறுபடி உறங்குகிறது. உங்கள் அமர்வுகள் அந்த விழிப்பு நேரங்களில் நடப்பதாக வைத்துக்கொண்டால் போதும்.

உண்மையான சிக்கல் வேறு. குளிர் உருவம், கோடை உருவம் என்று எழுதிவிட்டீர்கள். பருவம் வந்துவிட்டது என்று அந்த உடம்புக்கு யார் சொல்கிறார்கள் என்பதை எழுதவில்லை. விண்கலத்தில் உங்கள் இனம் உறைந்து நின்றது அதனால்தான்.

ஸ்னோஷூ முயலைப் பாருங்கள். குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. பனியைப் பார்த்தா அது நிறம் மாறுகிறது? இல்லை. பகல் நீளம் குறைவதை உடம்பு அளந்துகொண்டிருக்கிறது. நாள் வந்ததும் ரோமம் மாறத் தொடங்குகிறது. பனி தாமதமாகும் ஆண்டுகளில் பழுப்புத் தரையில் வெள்ளை முயல் தனித்துத் தெரிந்து, வேட்டை விலங்குகளுக்கு எளிதில் இரையாகிறது. உடம்பின் கணக்கும் வெளி உலகமும் ஒத்துப்போகாத இந்த இடைவெளியில்தான் உங்களுக்கு வேண்டிய கதைகள் இருக்கின்றன.

உங்கள் இனமும் பகல் நீளத்தை அளப்பதாக வைத்துக்கொள்வோம். விண்கலத்தில் பகல் எவ்வளவு நீளம்? விளக்கு எரியும் நேரம்தான் பகல். சரக்கு அறையில் செடி வளர்க்கிறார்கள். அதற்காகப் பதினாறு மணி நேரம் விளக்கு எரிகிறது. அந்த அறைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் உங்கள் கதாபாத்திரத்தின் போர்வையில் ஒரு காலை நேரத்தில் கைப்பிடி ரோமம் உதிர்ந்து கிடக்கிறது. பத்து நாளில் முழுக் கோடை உடம்பு. பதினோராம் நாள் கப்பல் பனிக்கோளில் இறங்குகிறது. இப்போது விளக்கை யார் கட்டுப்படுத்துவது என்று நான்கு பேரும் சண்டை போடுவார்கள். செடிக்கு வெளிச்சம் வேண்டும், நண்பருக்கு இருட்டு வேண்டும். பகடையைத் தொடாமலே ஓர் அமர்வு ஓடிவிடும்.

வேறொரு வழியும் உண்டு. சில தரை அணில்களை ஒரே வெப்பத்திலும் ஒரே வெளிச்சத்திலும் ஆய்வகத்தில் வைத்திருந்தாலும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை அவை தாமாகவே உறக்கத்துக்குப் போகின்றன. கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இதை எடுத்தால் உங்கள் கதாபாத்திரம் எந்தக் கோளில் இருந்தாலும் சொந்த ஊரின் பருவத்தைச் சுமந்து திரியும். ஊரைப் பிரிந்த ஏக்கத்தைச் சொல்ல இது அருமையான கருவி. ஆனாலும் நான் வெளிச்சக் கடிகாரத்தையே பரிந்துரைப்பேன். ஆடுபவர்கள் கை வைக்கக்கூடிய பொருள் ஆட்டத்தில் எப்போதும் அதிகம் உழைக்கும்.

அடுத்தது பருவத்தின் நீளம். உங்கள் தொடர் ஆட்டத்துக்குள் எத்தனை நாள் கதை நடக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகின்றன. அதன் அச்சு 98 டிகிரி சாய்ந்திருப்பதால் துருவங்களில் ஏறக்குறைய 42 ஆண்டு வெளிச்சமும் 42 ஆண்டு இருட்டும் மாறி மாறி வருகின்றன. அப்படியோர் உலகில் ஒரே ஆள் இரண்டு உருவத்தையும் எடுப்பது வாழ்நாளில் ஓரிரு முறைதான். அங்கே பிறந்த பருவம்தான் உடம்பைத் தீர்மானிக்கும். ஸ்டார்ஃபைண்டர் ஆட்டத்தின் ரைஃபோரியன் இனம் இந்த வகை: அவர்களுடைய ட்ரையாக்ஸஸ் கோளின் ஓர் ஆண்டு நம்முடைய 317 ஆண்டுகள், குளிர்காலத் தலைமுறைக்கு ரோமம் உண்டு, கோடைத் தலைமுறைக்கு இல்லை. பேரன் உடம்பு பாட்டன் உடம்பைப் போல இருக்காது. இது நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் நண்பர் கேட்டது கண்ணெதிரே மாறும் உடம்பை. அவருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை நீளும் பருவம் பொருந்தும்.

சொந்தக் கோளை உருவாக்கும்போது பருவம் எதனால் வருகிறது என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். சமூகமே அதில் அடங்கியிருக்கிறது. பூமிக்கு அச்சுச் சாய்வு காரணம், அதனால் வடக்கில் குளிர் அடிக்கும்போது தெற்கில் வெயில். அத்தகைய கோளில் இரண்டு உருவத்தினரும் ஒரே நேரத்தில் வாழ்வார்கள். பிடிக்காதவர்கள் நிலநடுக்கோட்டைக் கடந்து போய்விடலாம். நீள்வட்டப் பாதையால் பருவம் வந்தால் கோள் முழுவதற்கும் ஒரே நேரத்தில் குளிர், தப்ப இடமில்லை. பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் வட்ட விலகல் 0.5 என்றால் மிகத் தொலைவில் இருக்கும் தூரம் மிக அருகில் இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு; வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அருகில் வரும்போது கோள் வேகமாக ஓடுவதால் ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் பாதையின் வெப்பமான பாதியில் கழிக்கும். குறுகிய கோடை, நெடுங்குளிர். ஓர் அறுவடை, ஒரு திருமணக் காலம், ஒரு போர்க் காலம் எல்லாவற்றையும் அந்தச் சிறு கோடைக்குள் திணித்து வாழும் மக்கள் பொறுமைசாலிகளாக இருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

உருவம் மாறும்போது எவை மாற வேண்டும்? மூன்றுக்கு மேல் வேண்டாம்: ஒரு புலன், ஓர் உடல் திறன், ஒரு சமூக விளைவு. கதாபாத்திரத்தின் தொழில் திறமைகளில் கை வைக்காதீர்கள்; மாதக்கணக்கில் சேர்த்த அனுபவத்தைக் குளிர்காலம் பறித்தால் யாருக்கும் கோபம் வரும். இருபது முகப் பகடை உருட்டும் ஆட்டத்தில் ஒரு திறனுக்கு இரண்டு கூட்டினால் இன்னொரு திறனில் இரண்டு குறையுங்கள். குளிர் உருவத்துக்குக் குளிர் முழுவதுமாகத் தாக்காது என்று எழுதிவிடாதீர்கள். தாங்குதிறன் கூடட்டும், ஆபத்து இருக்கட்டும்.

புலனுக்கு ரெயின்டீர் மானைவிட நல்ல மாதிரி கிடைக்காது. அதன் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் கோடையில் பொன்னிறம், குளிரின் இருட்டில் நீலம். நீலக் கண் மங்கிய வெளிச்சத்தை அதிகம் பிடிக்கிறது. அதற்கு விலையாகக் காட்சியின் கூர்மை குறைகிறது. அப்படியே ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்: குளிர் உருவில் இருண்ட சுரங்கத்தில் தடுமாற மாட்டார், ஆனால் தொலைவில் நிற்பவர் நண்பரா எதிரியா என்று அடையாளம் காண்பதில் இரண்டு குறையும்.

ஐரோப்பிய மூஞ்சூற்றின் கதை இன்னும் விசித்திரமானது. குளிர்காலத்தில் அதன் மண்டையோடும் மூளையும் சுருங்கி, இளவேனிலில் ஓரளவு மீண்டும் வளர்கின்றன. இதைப் பார்த்து நினைவிழப்பு விதி எழுத ஆசை வரும். வேண்டாம். ஆடுபவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதைக் கதாபாத்திரம் மறந்துவிட்டதாக நடிப்பது ஓர் அமர்வுக்கு வேடிக்கை, மூன்றாவது அமர்வில் தொல்லை.

சமூக விளைவுக்கு ஒரு பட்டாம்பூச்சி உதவும். ஐரோப்பாவின் மேப் பட்டாம்பூச்சி இளவேனில் தலைமுறையில் செம்மஞ்சள், கோடைத் தலைமுறையில் கறுப்பு வெள்ளை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே இரண்டையும் தனித்தனி இனங்களாகக் கருதிப் பெயரிட்டார். உங்கள் விண்வெளி நிலையத்தின் காவல் வாயிலும் அதே தவறைச் செய்யட்டும்: பதிவில் இருப்பது கோடை முகம், நிற்பது குளிர் முகம். அனுமதிச் சீட்டில் இரண்டு படம் ஒட்ட மறுக்கும் ஓர் அதிகாரி போதும். மறுபக்கம், திருடனுக்கு இதைவிட நல்ல மாறுவேடம் கிடையாது.

சினமும் காமமும் பருவத்தால் தலைக்கேறும் என்ற வகை விதிகளை ஆடுபவரே கேட்டால் மட்டும் சேருங்கள். கதாபாத்திரம் என்ன செய்யும் என்பது அவருடைய முடிவு; பருவம் அவருக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கலாம், கட்டளையிடக் கூடாது.

மேசையில் செய்ய வேண்டிய சின்ன வேலை: கதாபாத்திரத் தாளை மறுபடி எழுதச் சொல்லாதீர்கள். மாறும் மூன்று வரிகளை மட்டும் ஒரு துண்டு அட்டையின் இருபுறமும் எழுதி, தாளில் கிளிப் போட்டு வைக்கலாம். மாற்றம் வருவதை ஓர் அமர்வு முன்பாகவே ரோமம், நகம், பசி என ஏதாவது ஓர் அறிகுறியால் சொல்லிவிடுங்கள். உருவங்களுக்குப் பெயர் தேடி அலையவும் வேண்டாம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. ‘கூதிர் உடம்பு’ என்றாலே நடுக்கம் தெரிகிறது.

மந்திரம் மிச்சம். உங்கள் உலகில் யாராவது ஒளி மந்திரம் போடத் தெரிந்தவர் இருப்பார். ஒரே மந்திரத்தில் உருவம் மாறிவிடும் என்று அனுமதித்தால் கடிகாரம் செத்துவிடும். பத்து நாள் என்றால் மந்திரத்துக்கும் பத்து நாள்தான். ஆனால் எதிரி அவரைச் சிறைபிடித்து, ஒருபோதும் அணையாத வெளிச்சமுள்ள அறையில் அடைத்தால்? மற்ற மூவருக்கும் மீட்கப் பத்து நாள் இருக்கிறது. உங்கள் அடுத்த அமர்வை அங்கே தொடங்கலாம்.