வாஸ்கோ ட காமா பயணம்: காற்றும் கணக்கும் – கேள்வி பதில்

கேள்வி: ஆப்பிரிக்கக் கரையோரமாகவே போகாமல் காமா ஏன் அட்லாண்டிக் நடுவே சுற்றினார்?

பதில்: கரையை ஒட்டினால் கினி வளைகுடாப் பக்கம் காற்று செத்துப் பாய் தொங்கிவிடும். அதைத் தாண்டினாலும் தென்கிழக்குக் காற்றும் வடக்கே ஓடும் நீரோட்டமும் முகத்தில் அடிக்கும். ஆகவே 1497 ஆகஸ்ட் 3 அன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் உள்ள கேப் வெர்டேயின் சாந்தியாகோ தீவை விட்டவர், விலகித் தெற்கே இறங்கி, மேலைக்காற்று கிடைத்ததும் கிழக்கே திரும்பினார். கரை தெரிந்தது நவம்பர் 4-ல்தான்.

கேள்வி: நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போய்த் துருவ நட்சத்திரம் மறைந்தபின் அட்சரேகையை எப்படிக் கண்டார்கள்?

பதில்: நண்பகல் சூரியனை வைத்து. ஆஸ்ட்ரோலேப் என்ற, பாகை அளக்கும் வட்டக் கருவியைத் தொங்கவிட்டு, அதில் சுழலும் சட்டத்தின் மேல்துளை வழியே வரும் வெயில் கீழ்த்துளையில் விழும்வரை திருப்ப வேண்டும். காமா கரைதொட்ட பருவத்துக்கே கணக்குப் போடுவோம். சூரியனின் உயரம் 76 பாகை என்றால் உச்சியிலிருந்து விலகல் 14. அப்போது சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 18½ பாகை. கப்பல் அதற்கும் தெற்கே, கூட்டினால் 32½. சூரியனும் கப்பலும் நடுக்கோட்டுக்கு எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். ஒரு பாகை பிசகினாலே 111 கி.மீ. தள்ளிப்போகும். ஆடும் தளத்தில் அளவு நிற்காது என்பதால்தான் காமா கரையிறங்கி அளந்தார்.

கேள்வி: தீர்க்கரேகை?

பதில்: நம்பகமான வழி இல்லை. வேகத்தைக் கண்ணால் மதித்து, மணற்கடிகாரம் காட்டிய நேரத்தால் பெருக்கினார்கள். நீரோட்டம் அந்தக் கணக்கில் சிக்காது; பிழை நாளுக்கு நாள் ஏறும்.

கேள்வி: கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியிலிருந்து கோழிக்கோடு வர ஒரு மாதம்கூட ஆகவில்லை. திரும்ப ஏன் மூன்று மாதம்?

பதில்: வரும்போது கூட ஒரு வழிகாட்டி இருந்தார், 1498 ஏப்ரல் 24-ல் கிளம்பியதால் தென்மேற்குக் காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. திரும்பும்போது அக்டோபர் 5-லேயே, கோவாவுக்குத் தெற்கே கரையருகே உள்ள அஞ்சதீவை விட்டார்கள். வடகிழக்குக் காற்று இன்னும் நிலைக்கவில்லை. சில வாரம் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பயணத்தின் மிகப்பெரிய தவறு இதுதான் என்பேன். அந்த ஓட்டத்தில் மட்டும் ஸ்கர்வியால் (வைட்டமின் சி குறைவால் ஈறு வீங்கும் நோய்) 30 பேர் இறந்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் மிஞ்சினர். ஆளில்லாமல் சாவ் ரஃபேல் கப்பலை எரித்தார்கள்.

கேள்வி: எலுமிச்சை ஊறுகாய் இருந்திருந்தால் ஸ்கர்வி வந்திருக்காதா?

பதில்: அதை நம்ப முடியாது. வெயிலில் காயவைத்து மாதக்கணக்கில் வைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். சாற்றைக் காய்ச்சினாலும் அப்படியே. புதுப் பழம் வேண்டும். 1499 ஜனவரியில் மாலிந்தி சேர்ந்ததும் நோயாளிகள் ஏங்கியது ஆரஞ்சுக்குத்தான். வரவழைத்தும் கொடுத்தார்கள்; ஆனாலும் பலர் அங்கேயே இறந்தனர்.