பத்துக்கு ஒன்பது

வணக்கம் அக்கா,

என் மகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். போன மாதம் ஒரு அறக்கட்டளையிலிருந்து வந்து சின்னப் பிள்ளைகளுக்கு ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு எடுத்தார்கள். முக்கால் மணி நேரம், ஒரு கார்ட்டூன், ஒரு பாட்டு. வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் பத்துக் கேள்வி கேட்டார்கள். முன்னால் சராசரி நாலு, பின்னால் ஒன்பது என்று அறிக்கை வந்திருக்கிறது. அடுத்த வருடமும் நடத்தலாமா என்று நாங்கள் தீர்மானம் போட வேண்டும். “பச்சப் புள்ளைங்க மனசுல பயத்த விதைக்காதீங்க” என்கிறார் என் மாமனார். எனக்கோ அந்த ஒன்பதைப் பார்த்தும் நிம்மதி வரவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

நிம்மதி வராதது நல்லதுதான். பாட்டுப் பாடி முடித்த கையோடு கேட்டால் எந்தப் பிள்ளையும் ஒன்பது வாங்கும். திருக்குறளையும் அப்படித்தான் ஒப்பிக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளை கையிலும் இரண்டு அட்டை. பிடித்த தொடுதல் என்றால் பச்சை, பிடிக்காதது என்றால் சிவப்பு. டாக்டர் ஊசி போடுவது? எல்லாம் சிவப்பு. பாட்டி தலையில் சிக்கெடுப்பது? அதுவும் சிவப்பு. பக்கத்து வீட்டு மாமா மடியில் உட்காரவைத்துக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே டிரவுசருக்குள் கைவிட்டால்? முன்வரிசைப் பையன் ஒருவன் யோசிக்காமல் பச்சையைத் தூக்கினான். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்புத்தானே வரும்! வகுப்பெடுத்த பெண் அவன் கையைப் பிடித்துச் சிவப்பு அட்டையைத் தூக்கவைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றைய கணக்கில் அதுவும் சரியான விடையாகத்தான் ஏறியிருக்கும்.

தப்பு பையன்மேல் இல்லை. அமெரிக்காவில் உளவியலாளர் சாண்டி வர்ட்டலும் அவருடைய குழுவினரும் 1989இலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனசுக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்கச் சொன்னால் பள்ளிக்கூடம் போகும் முன்னான வயதுப் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். குளிப்பாட்டவோ வைத்தியத்துக்கோ தவிர யாரும் உன் அந்தரங்க இடங்களைத் தொடக் கூடாது, தொட்டால் சொல் என்று நேரடியாக விதியாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே அறக்கட்டளைக்காரர்களிடம் முதலில் பாடப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். உறுப்புகளுக்குப் பெயர் சொல்கிறார்களா, ‘அந்த இடம்’ என்று மழுப்புகிறார்களா? பிள்ளைகள் எழுந்து நின்று வாய்விட்டு “வேணாம்” என்று சொல்லிப் பழகினார்களா, கார்ட்டூன் மட்டும் பார்த்தார்களா? பழகிப் பார்த்த பிள்ளைக்கும் படம் பார்த்த பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

உங்கள் மாமனாருக்கு ஒரு நல்ல செய்தி. இந்த மாதிரி வகுப்புகளைப் பற்றிய 24 சோதனைகளை, மொத்தம் 5,802 பிள்ளைகள், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் ஆய்வுக் குழு 2015இல் ஒன்றாக வைத்து அலசியது. பிள்ளைகளுக்கு விவரம் கூடியிருந்தது, பயம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் கொடுமை குறைந்ததா? அதைச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் அவர்களும் எழுதினார்கள்.

அதை அளப்பது லேசும் இல்லை. 1980களில் சில ஆய்வாளர்கள் முன்பின் தெரியாத ஒருவரைப் பள்ளிக்கூட நடைவழியில் நிறுத்தி, “என் காரிலிருந்து சாமான் எடுத்து வர உதவி செய்கிறாயா?” என்று பிள்ளைகளைக் கேட்கவைத்தார்கள். யார் போகிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வெளியாளை வைத்து இதைச் செய்யலாம். நம் நாட்டில் வெளியாளா பிரச்சினை? 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 சிறுவர் சிறுமியரிடம் எடுத்த ஆய்வில், சீண்டியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். சித்தப்பாவையோ டியூஷன் சாரையோ வைத்து எந்த ஆய்வாளர் ஒத்திகை பார்க்க முடியும்?

அதே 2015 தொகுப்பில் என்னை நிறுத்திய எண் வேறு. வகுப்பு நடந்த இடங்களில் ஆயிரத்துக்கு 14 பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். நடக்காத இடங்களில் 4. (பிள்ளைகளைத் தனித்தனியாக இல்லாமல் வகுப்பு வகுப்பாக, பள்ளி பள்ளியாகச் சோதித்ததைக் கணக்கில் எடுத்தால் இந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) உங்கள் பள்ளியில் அடுத்த வருடம் இரண்டு புகார் வந்தால் தலைமையாசிரியர் பதறுவார், “இத்தனை நாள் ஒன்றும் இல்லையே” என்பார். வாய் திறக்க வழி இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள்தான் குழுவில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சொன்ன பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் என் கவலை எல்லாம். ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாட்டில் கற்றுக்கொடுத்தபடியே டீச்சரிடம் போய்ச் சொன்னாள். “சார் அப்பா மாதிரிடி, அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று டீச்சர் அனுப்பிவிட்டார். அந்தப் பெண்ணும் பரீட்சையில் ஒன்பதோ பத்தோ வாங்கியவள்தான்.

அதனால் அந்தப் பத்துக் கேள்வியை ஆசிரியர்களுக்கும் சத்துணவு அக்காவுக்கும் வேன் டிரைவருக்கும் குழுவில் இருக்கும் நமக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் முதல் வாக்கியம் என்ன பேசுவீர்கள்? அன்றைக்கே யாருக்கு போன் செய்வீர்கள்? குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 எதற்கு? பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு, அது தெரியுமா? “முதலில் பெற்றோரைக் கூப்பிட்டு சமாதானமாகப் பேசுவோம்” என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். வகுப்புக்கு முன்னால் எடுக்க வேண்டிய சராசரி அதுதான்.

தீர்மானம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடவே மூன்று வரி சேருங்கள்: ஒரே நாளில் முடிக்காமல் நாலைந்து வகுப்பாக நடத்த வேண்டும், பிள்ளைகளுக்கு முன்பே பெரியவர்களுக்கு வகுப்பு வேண்டும், மூன்று மாதம் கழித்து, அவர்கள் பார்த்திராத புதுச் சம்பவங்களைச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். கடைசி வரிக்கு அறக்கட்டளை முகம் சுளித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வீட்டில் மகளிடம் “யாராவது தொட்டால் என்ன செய்வே?” என்று கேட்காதீர்கள், பாட்டைப் பாடிவிடுவாள். “யார்கிட்ட சொல்லுவே? அவங்க நம்பலேன்னா அடுத்து யாரு?” என்று கேட்டுப் பாருங்கள். என் தங்கை மகளிடம் கேட்டபோது முதல் கேள்விக்கு “அம்மா” என்று டக்கென்று சொன்னாள். இரண்டாவதற்கு ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப சொல்ல மாட்டேன்” என்றாள். அன்று ராத்திரி நாங்கள் அவளோடு உட்கார்ந்து ஐந்து பெயர் எழுதினோம். மூன்றாவது பெயர் எதிர்வீட்டுப் பூக்காரப் பாட்டி. எங்கள் யாருக்கும் தோன்றாத பெயர்.