கமோகி மட்டையும் ஆறாத உள்ளங்கை வலியும்

கேள்வி: அயர்லாந்தில் கார்க் நகரில் வசிக்கிறோம். 16 வயதான என் மகள் பள்ளி அணியில் கமோகி (மட்டையால் பந்தை அடித்து ஆடும் அயர்லாந்தின் பெண்கள் ஆட்டம்) ஆடுகிறாள். சிறு வயதிலிருந்தே அப்பாவுடன் கிரிக்கெட் ஆடியவள். கமோகி மட்டையிலும் இடது கையை மேலே வைக்கிறாள், பிடியை மாற்ற வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். ஐந்து வாரமாக இடது உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பிடியை மாற்றினால் வலி போய்விடுமா? அல்லது வலது கைக்கும் வந்துவிடுமா?

பதில்: அம்மா, பிடியைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஐந்து வாரமாக ஆறாத அந்த வலிதான் எனக்குக் கவலை தருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அதுவும் இந்த இடத்தில் முடியவே முடியாது.

இன்று மாலை மகளை எதிரே உட்கார வைத்து, அவளுடைய இடது கையை மல்லாத்திப் பிடியுங்கள். மணிக்கட்டு மடிப்பில், சுண்டு விரல் பக்கம், பட்டாணி போல ஓர் எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்து, கட்டை விரலால் மெல்ல ஆழமாக அழுத்துங்கள். அவள் முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டால், நீங்கள் தொட்டது மணிக்கட்டு எலும்புகளில் ஒன்றான ஹமேட் எலும்பின் கொக்கி. உள்ளங்கைச் சதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய முனை அது. அதில் முறிவு இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

கோல்ஃப், பேஸ்பால், டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கும் இந்தக் கொக்கி முறிவதுண்டு. கைப்பிடியின் நுனி சரியாக அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பந்து தவறி மட்டை தரையில் மோதும்போது அதிர்வெல்லாம் அங்கேதான் இறங்கும். அதைத் தாங்குவது மட்டையின் நுனியைப் பிடித்திருக்கும் மேல் கை. உங்கள் மகளுக்கு மேலே இருப்பது இடது கை, வலியும் இடது கையில்தான்.

சாதாரண எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகள் இந்தக் கொக்கியை மறைத்துவிடும். சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். ஆகவே உங்கள் குடும்ப மருத்துவரிடம் போய், ஹமேட் கொக்கி முறிவைச் சந்தேகிப்பதாகப் பெயர் சொல்லியே கேளுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆறு வாரம் போல மாவுக்கட்டில் கூடலாம். இரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் சில சமயம் கூடாமல் போகும். அப்போது அந்தச் சிறு துண்டை அறுவை செய்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலோர் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள்.

கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. பக்கத்திலேயே ஓடும் நரம்பு நசுங்கலாம், சுண்டு விரலை மடக்கும் தசைநாண் உரசி உரசி அறுந்துபோகலாம். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தாலோ, சுண்டு விரல் மடங்க மறுத்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் முடியும்வரை மட்டையை ஓங்கி அடிக்கவே கூடாது. அவள் ஓடட்டும், அணியோடு உடற்பயிற்சி செய்யட்டும்.

இனி பிடி. பயிற்சியாளர் சொல்வது சரி, ஆனால் மகள் மீதும் தவறில்லை. வலக்கைக்காரர் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும்போது இடது கை மேலே இருக்கும், வலது கை கீழே. ஹர்லிங்கிலும், அதன் பெண்கள் ஆட்டமான கமோகியிலும் அது தலைகீழ். வலது கை மேலே, நுனியில். இடது கை பாதி வழியில் தளர்வாக இருந்து, அடிக்கும் நொடியில் மேலே வழுக்கிச் சென்று வலது கையோடு ஒட்டிக்கொள்ளும். பந்தைத் தூக்கிப் போடுவதும், உயரே வருவதைப் பிடிப்பதும் இடது கையின் வேலை என்பதால், மட்டை எந்நேரமும் வலுவான கையிலேயே இருக்கும். பத்து வருடப் பழக்கத்தை இந்த வயதில் மாற்ற மாதங்கள் ஆகும். போட்டிகள் நடக்கும் பருவத்தின் நடுவில் அவசரப்படுத்த வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள்.

வலது கைக்கும் வலி வருமா என்றால், மட்டையின் நுனியை உள்ளங்கைக்குள் புதைத்துப் பிடித்தால் வரும். கைப்பிடியின் முடிவில் ஒரு சிறு மேடு இருக்கும். அது சுண்டு விரலைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். விரல்களால் பிடிக்கட்டும், அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்கினால் போதும். மட்டையைத் தரையில் நிறுத்தினால் மேல் நுனி அவளுடைய இடுப்பெலும்பைத் தொட வேண்டும். அதைவிட நீளமான மட்டை தரையில் மோதிக்கொண்டே இருக்கும். உயரமான அண்ணன்மாரிடம் வாங்கிய மட்டை என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

கையுறையையும் யோசியுங்கள். ஹர்லிங்கில் 2010 முதல் முகக்கம்பியோடு ஹெல்மெட் கட்டாயம், விரல்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் கையுறை விரல்களைத்தான் காக்கும், நுனி அழுத்துவதைத் தடுக்காது.

ஒருவேளை இடது கைக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டால் மகள் சோர்ந்துபோவாள். அப்போது வலது கையில் மட்டையைக் கொடுத்து, அதன் அகன்ற முனையில் மென்மையான பந்து ஒன்றை ஏந்தி, வீட்டுக் கூடத்தில் நின்றபடி விழாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், தினமும் பத்து நிமிடம். பயிற்சியாளர் கேட்கும் புதிய பிடியின் முதல் பாடமே அந்த வலது கைதான்.