கில்ட்டின் மடிப்புத் தையல் பிரிகிறது என்றால் லைனிங்கைத் தூக்கிப் பாருங்கள்

மறுபடியும் அதே இடத்தில் தைக்காதீர்கள், உள்ளே கான்வாஸ் பட்டை வையுங்கள். கில்ட்டில், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடையில், வாரை இறுக்கினால் இடுப்பருகே பின்பக்க மடிப்புத் தையல் பிரிகிறது, தைத்தாலும் நிற்கவில்லை என்கிறீர்கள். அந்த இழுப்பு மடிப்புத் தையலில் விழவே கூடாது.

கனம் குறைவதற்காக, இடுப்புக்குக் கீழே தைத்த பகுதியில் மடிப்புகளின் உட்துணியை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதோடு அங்கே வலுவும் போய்விடும். அதனால்தான் ஸ்காட்லாந்தின் கைத்தையல் கில்ட்டுகளில் மடிப்புகளின் உட்பக்கம் குறுக்காக ஒரு தையல் வரிசை ஓடும், அதற்கு ஸ்டீக்கிங் என்று பெயர். இரு பக்க பக்கிள்களையும் இணைத்து ஒரு கான்வாஸ் பட்டையும் இருக்கும். இழுப்பை அதுதான் தாங்குகிறது. வெளியே எதுவும் தெரியாது. விலை குறைந்த கில்ட்டுகளில் பல சமயம் விட்டுப்போவதும் இதுதான்.

லைனிங்கின் அடி ஓரம் பெரும்பாலும் தைக்காமல் தொங்கும், தூக்கிப் பாருங்கள். பக்கிளின் தையல் கான்வாஸைப் பிடித்திருக்கிறதா, வெறும் கம்பளித் துணியையா? துணியை மட்டும் என்றால் கோளாறு அங்கேதான்.

உங்களுடையதில் மடிப்புகள் வெட்டப்படாமல் முழுசாக இருந்தால் கத்தரியை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம், கில்ட்டே இடுப்புக்குச் சிறியது என்றால் கான்வாஸ் மட்டும் போதாது, பக்கிளையும் நகர்த்த வேண்டும்.